முகவரும் ஏழாண்டுக் கணக்கும்

திருக்குறளில் தூது என்றோர் அதிகாரம் உண்டு. பொருட்பாலின் அமைச்சியலில் 69ஆம் அதிகாரமாக நிற்பது அது. அங்கே கூறப்படுபவன் ஒரு வேந்தன் மற்றொரு வேந்தனிடம் விடுக்கும் தூதன். அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் சென்றதும் அவ்வகைத் தூதே. கடல் கடந்து சென்று கூலிக்கு உழைக்கும் குடிகளின் நலம் பேணுதற்கென ஓர் அலுவலரை அயல்நாட்டில் இருத்தும் வழக்கத்தைப் பழந்தமிழ் நூல்களில் யான் கண்டதில்லை. அது பிற்காலத்தது. ஊவா மலைகளில் வாழும் தமிழர்க்கோ அதன் வரலாறு குடும்ப வரலாற்றோடு பின்னிக் கிடப்பது.

1922ஆம் ஆண்டு இந்தியாவில் இயற்றப்பெற்ற குடியகல்வுச் சட்டத்தின்வழி, இந்திய அரசின் முகவர் ஒருவர் 1923இல் கண்டியில் அமர்த்தப்பெற்றார். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தல், கூலி விகிதத்தை ஆராய்தல், முறைப்பாடு கேட்டல், நலிந்தோரை ஊருக்கு அனுப்புதல், ஆண்டுதோறும் அறிக்கை வரைதல் ஆகியன அவர்தம் கடமை. மலாயாவிலும், 1937இல் இந்தியாவினின்று பிரிந்தபின் பர்மாவிலும் இத்தகைய முகவர்கள் இருந்தனர்.

ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட தோட்ட மக்களுக்குக் கண்டியில் ஓர் அலுவலகம். பதுளைக்குப் புகையிரதப் பாதை வந்தது 1924இல். மடூல்சீமையிலோ லுணுகலையிலோ இருப்பவர் கண்டிக்குப் போக வேண்டுமெனில், முதலில் பதுளைக்கு இறங்கி வந்து, பின் கோச்சி ஏறிப் பண்டாரவளை, நானுஓயா, ஹட்டன், நாவலப்பிட்டி கடந்து செல்லல் வேண்டும். மலையகத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பர். அரைப்பேர், முழுப்பேர் என்று கணக்கு. முறையிடச் செல்பவர் முதலில் தம் பேரை இழந்தே செல்லல் வேண்டும்.

போர் வந்தது. அதற்கு ஒரு திங்கள் முன்னரே, 1939 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல், இலங்கைக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை வேலையினின்று நீக்கியதற்கு மறுமொழியாக எழுந்த தடை அது. கொழும்புக்கும் டில்லிக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில், ஊரில் தாய் நோயுற்றாள் என்று கேள்வியுற்ற தோட்டத்து மகன் போவதா இருப்பதா என்று தயங்க வேண்டியதாயிற்று. போனால் திரும்பி வர வழி உண்டோ என்பதே ஐயம். பின்னர், போர்க்காலத்திலேயே, அத்தடை ஓரளவு தளர்த்தப்பெற்றது.

1940ஆம் ஆண்டு மே மாதத்தில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் துரையும் ஒருப்பட்டார் என்றால், அக்கால நிலையில் அது சிறிய செய்தியன்று. பொலிசாரின் கெடுபிடியால் அவ்வெழுச்சி ஒடுக்கப்பெற்றது. அவ்வேளை பெய்த மழையின் வெள்ளத்தால் ஊவா ஒரு வாரத்துக்கு மேலாகப் பிற பகுதிகளினின்று துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. கண்டி எவ்வளவு தொலைவு என்பதை எவரும் அளந்து காட்ட வேண்டியதில்லை.

1942 சனவரியில் கோலாலம்பூரும் மார்ச்சில் இரங்கூனும் யப்பானியர் கைப்பட்டன. அங்கிருந்த இந்திய முகவர் நிலையங்கள் இரண்டும் அற்றுப்போயின. பர்மாவினின்று இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும் 9ஆம் நாள் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. பர்மா அரிசி நின்றது. தோட்டத் தொழிலாளருக்கென இந்தியா அமைத்திருந்த இம்மூன்று நிலையங்களில் எஞ்சியது இலங்கையொன்றே.

இதே காலத்தில் டில்லி தன் அயல்நாட்டு அலுவலகங்களை விரைந்து மாற்றியமைத்தது. 1941இல் கிரிஜா சங்கர் பாஜ்பாய் வாஷிங்டனுக்கு முகவர் நாயகமாகச் சென்றார். தென்னாபிரிக்காவில் இருந்த முகவர் நாயகத்துக்கு அதே ஆண்டில் உயர்ஸ்தானிகர் என்னும் பெயர் வந்தது. (ஸ்தானிகர் என்பது கோயில் அலுவலர்க்குரிய பழஞ்சொல், அது தூதரகத்துக்கு வந்து சேர்ந்த கதையைப் பிறிதொரு கால் எழுதலாம்.) சீனத்தின் சுங்கிங் நகருக்கு 1942இல் சபருல்லா கானும், 1943இல் கே. பி. எஸ். மேனனும் அனுப்பப்பெற்றனர். இம்மேனன் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் கண்டியிலே முகவராய் இருந்தவர்.

இலங்கைக்கு 1943இல் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்தவர் எம். எஸ். ஆனே. அவ்வாண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தபோது அரசப்பிரதிநிதியின் ஆட்சிக்குழுவினின்று விலகியவர் அவர். வடமொழியில் திலகரைப் பற்றி அவர் யாத்த காவியத்துக்கு 1973இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. ஒரு புலவர் இப்பதவியில் இருந்தார் என்பதில் எனக்கு உவகை உண்டு. எனினும் ஒன்று கூறுவேன். நிலையத்தின் தலைவர்க்குரிய மதிப்பு உயர்ந்தது. முகவர் போய்ப் பிரதிநிதி, பிரதிநிதி போய் 1947இல் உயர்ஸ்தானிகர் என வி. வி. கிரி வந்தார். தோட்டந்தோறும் சென்று, இன்னார் இன்ன நாளில் வந்தார், இன்ன நாளில் ஊர் சென்று மீண்டார் என்று பெயரெழுதி வைக்கும் சிறு எழுத்தர் கூட்டம் உருவாகவில்லை.

அதனால் என்ன கேடு என்று வினவலாம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை வெளியே நிறுத்திற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரி 1ஆம் நாள் வரை, மணமானோர் ஏழாண்டும் பிறர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. 1946இலிருந்து ஏழாண்டு பின்னோக்கி எண்ணுக: 1939 சனவரி. தடையும் போரும் பஞ்சமும் வழிமறிப்புமாகக் கழிந்த அதே ஏழு ஆண்டுகள்! செக்ரோலும், பிறப்புச் சான்றிதழும், தோட்டப் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பும் தேடி மக்கள் அலைந்தனர். ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. 1964 வரை உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இந்திய அலுவலர் ஏட்டில் பெயர் பதிந்திருந்தால், இவர் இந்தியரே என்று வாதிட அதுவே கருவியாகியிருக்கும் என்பாரும் உளர். மறுக்கத்தக்க கூற்றன்று. ஆயினும் வந்த நாளும் போன நாளும் மீண்ட நாளும் எழுதிய ஏடு எந்நாட்டுக்கும் உரியதன்று. அது மெய்யை மட்டும் கூறும். இடாப்பில் விடுபட்ட ஒரு நாள் பின்னர் எத்துணை வழக்காகும் என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் அறிவர்.

மற்றொரு போரும் வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகக் கொண்டன. கண்டியில் கடவுச்சீட்டுப் பெற்றோர் மூட்டை கட்டினர். 1983 சூலையில் பதுளைக் கடைவீதியும் எரிந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியர் என்று பதியப்பெற்று, போக வழியின்றி இங்கேயே தங்கினோர் ஏறத்தாழ 84,000 பேர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே, இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும் தனிப் பிரகடனம் ஒன்றை எழுதிக் கொடுத்து இலங்கையராக முடிந்தது.

போர் முடிந்தபின் 2010 நவம்பரில் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்தியத் துணைத்தூதரகங்கள் திறக்கப்பெற்றன. ஊவாவுக்கு இன்றும் கண்டி உதவி உயர்ஸ்தானிகராலயமே.

பசறைப் பக்கத்து மூதாட்டி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் கணவரின் கடவுச்சீட்டை என்னிடம் கொணர்ந்தார். தகரப்பெட்டியில் இருந்து ஓரம் துருக்கறை ஏறியிருந்தது. “இதில என்ன எழுதியிருக்கு, வாத்தியாரய்யா?” என்றார். கணவர் பெயர், அவர் பெயர், பிள்ளைகள் மூவரின் பெயர்கள். படித்துக் காட்டினேன். மூன்றாவது பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதனைத் திருத்த இனி யாரிடம் போவது என்று கேட்டார்.