உங்களுக்குத் தெரியுமா? ஆயிரம் ஆட்டம் கண்ட கோல்கீப்பர்

1966இல் இங்கிலாந்து கால்பந்து உலகக்கோப்பை வென்றபோது கோல்கீப்பராக நின்றவர் கார்டன் பேங்க்ஸ். அடுத்த ஆண்டே அவரது கிளப் அணியான லெஸ்டர் சிட்டி அவரை விற்றுவிட்டது. காரணம், அதே அணியில் இருந்த 17 வயதுப் பையன் பீட்டர் ஷில்டன். துணிச்சலான முடிவு, பையன் ஏமாற்றவில்லை. பின்னாளில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியோடு 1979, 1980 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வென்றார். உலகக்கோப்பையில் முதன்முதலாக இறங்கியபோதே அவருக்கு வயது 32. ஆனாலும் அங்கு ஆடிய 17 ஆட்டங்களில் 10இல் ஒரு கோல்கூட விடவில்லை! 1986 உலகக்கோப்பையில் அவருக்கு எதிராக மரடோனா கையால் தட்டிய கோலை வைத்தே பலர் அவரை நினைவுகூர்வது நியாயமே இல்லை. 1996 டிசம்பரில், 47 வயதில், லேட்டன் ஓரியண்ட் அணிக்காகத் தன் 1000ஆவது லீக் ஆட்டத்தை ஆடினார். அன்றும் எதிரணியால் கோல் போட முடியவில்லை. இங்கிலாந்துக்காக அவர் ஆடியவை 125 ஆட்டங்கள். பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய வெய்ன் ரூனிகூட 120இல் நின்றுவிட்டார்.