உப்புத்தாளைத் தொடுமுன்

பழைய தேக்கு பீரோவையோ கதவையோ வாங்கி, மேலே அப்பியிருக்கும் பெயின்டை எடுத்துவிட்டு, மரத்தின் ரேகை தெரியப் பாலிஷ் போடும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. ஆசை நியாயமானதுதான். ஆனால் பெயின்டை எப்படி எடுப்பது என்பதைக் கூலியும் வேகமும் மட்டுமே முடிவுசெய்கின்றன. அந்தப் பெயின்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களில், ஈயம் நிறத்துக்காகவே சேர்க்கப்பட்டது. சீக்கிரம் உலரவும் சேர்த்தார்கள். அதன்மேல் மெஷின் வைத்து உலர்ந்தபடியே தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத பொடி வீடெங்கும் படியும். தவழும் குழந்தை தரையில் வைத்த கையைத்தான் வாயிலும் வைக்கிறது.

ஆசாரிகள் காலங்காலமாகத் தேய்க்கிறார்களே, என்ன ஆகிவிட்டது என்று கேட்கலாம். ஈயத்தின் கொடுமையே உடனே எதுவும் ஆகாததுபோல் தெரிவதுதான். வெளியே அறிகுறி காட்டாமலேயே அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆசாரியின் ரத்தத்தையும் இங்கே யார் பரிசோதித்தார்கள்? முகத்தில் கட்டும் கைக்குட்டை அந்தப் பொடியைத் தடுக்காது.

அப்படியானால் ரிமூவர் பூசலாமே என்றால், டைகுளோரோமீத்தேன் கலந்த ரிமூவரின் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. உயிர்கள் போன பிறகு, வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019-இல் தடைசெய்தது. தீயால் பொசுக்கினால் ஈயம் புகையாகிறது. காஸ்டிக் சோடா மரத்தைக் கறுக்கவைத்து, மூட்டுகளின் பசையையும் தளர்த்திவிடும்.

மிஞ்சுவது மெதுவான வழிதான். கீழே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டியால் எடுப்பது. விழுந்ததைப் பெருக்காமல் ஈரத்துணியால் வழித்துக் கட்டி வைப்பது. முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாமல் இருப்பது. ஈரம் பட்டால் மரம் சிலிர்க்கும் என்பது உண்மை. நிழலில் காயவைத்து, பெயின்ட் முழுக்கப் போன மரத்தில் கடைசியாக ஒரு கை இழைத்தால் அது சரியாகிவிடும். உரியாமல் கெட்டியாக நிற்கும் பழைய பெயின்டானால், எடுக்காமல் அதன்மேலேயே புதுசு அடிப்பது இன்னும் நல்லது. நாள் கூடும், கூலியும் கூடும். அந்தப் பொடியை எல்லோரையும்விட அதிகம் சுவாசிப்பவர் ஆசாரிதான். கூடுதல் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.