விடியற்கால வானில் கோள்களும் தேய்பிறையும்

ஆனி மாதத் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் உதிக்கும்போது மணி ஏறக்குறைய 5.42. அதே நாளில் நம் ஜாதவ்பூரில் 4.52-க்கே உதயமாகி விடுகிறது. கொல்கத்தா, சென்னைக்குக் கிழக்கே சுமார் 8 பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் 32 நிமிடம் அதிலேயே போயிற்று. மீதி 18 நிமிடம், நாம் வடக்கே இருப்பதால் கோடையில் கூடும் பகல். மார்கழியில் இந்த வடக்கே கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்வதால் வித்தியாசம் கால்மணிதான். ஊரிலிருந்து வரும் தினசரிக் காலண்டரைச் சுவரில் மாட்டிக்கொண்டு அதில் உள்ள உதயத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இரவில் உண்ணாத சமணக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, உதயம் எத்தனை மணி என்பது அன்றாடக் கேள்வி. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காக இங்கே வந்தவன் நான். வானநூலைக் கல்லூரியில் படித்ததில்லை. மொட்டைமாடியில் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சந்திரன். திதி தெரிந்தால் நிலா எங்கே இருக்கும் என்பது தானே தெரியும். ஒரு திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை; அவ்வளவுதான் சூட்சுமம். தேய்பிறை அட்டமி விடியலில் அரைநிலா கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். பிறகு நாளுக்குச் சுமார் 13 பாகை வீதம் சூரியனை நோக்கிக் கிழக்கே இறங்கும். உதிப்பதும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். துவாதசியில் பொழுது விடிவதற்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னாலேயே எழும் பிறை, சதுர்த்தசியன்று சுமார் ஒரு மணி நேரம் முன்புதான் தலைகாட்டும். அப்போது பிறையின் இருண்ட பாகமும் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்டுத் திரும்பிப் போகும் சூரிய ஒளி. தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்கு எழுகிறோமே, அது நரக சதுர்த்தசி. சீயக்காய் கரைப்பதற்குள் பிள்ளைகளை ஒரு தடவை மாடிக்கு அனுப்புங்கள். கீழ்வானம் மறைக்காமல் இருந்தால் நகக்கீற்றுப் போல நிலா தெரியும்.

இனி கோள்கள். வெறுங்கண்ணுக்குத் தெரிபவை ஐந்து. எல்லாமே சூரியன் போகும் பாதையை ஒட்டியே இருக்கும். வட துருவத்துப் பக்கம் தேடிப் பயனில்லை. நட்சத்திரம் கண் சிமிட்டும், கோள் பெரும்பாலும் சிமிட்டாது. ஆனால் அடிவானத்தில் புகையும் பனியும் சேர்ந்தால் கோளும் சிமிட்டும். நமக்குக் கிழக்கே பைபாஸ் அடுக்குமாடிகளும் அதற்கப்பால் நீர்நிலங்களும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செவ்வாய், வெள்ளி என்ற பெயர்களிலேயே நிறம் இருக்கிறது. வியாழன் பிரகாசத்தில் வெள்ளிக்கு அடுத்தது. சனி மங்கிய மஞ்சள். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. கொல்கத்தாவில் அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். வெள்ளி 47 பாகை வரை போகும், ஆகவே நடுநிசியில் அதை இங்கிருந்து பார்க்கவே முடியாது. நாம் விடிவெள்ளி என்பதை அடுத்த வீட்டு வங்காளிகள் சுக்தாரா என்பார்கள். 2025 ஆகஸ்ட் 12 விடியலில் வெள்ளியும் வியாழனும் ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் நின்றன. ஆனால் ஆடி, ஆவணி இங்கே மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகைதான் நம் ஊருக்கு நல்ல மாதங்கள். உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மாடியில் இருந்தால் போதும்.

வெள்ளி எழுந்தது, வியாழன் மறைந்தது என்று திருப்பாவையின் 13-ஆம் பாட்டு குறிக்கிறது. இதை வைத்து மு. இராகவையங்கார், கி.பி. 731 டிசம்பர் 18 என்று கணித்தார். அவர் உழைப்பு பெரிது. ஆனாலும் மார்கழி விடியலில் வியாழன் மேற்கே மறைவது சுமார் 12 ஆண்டுக்கு ஒரு சுற்று வரும். வெள்ளி 8 ஆண்டுக்கு ஒருமுறை அதே நிலைக்குத் திரும்பும். இரண்டும் சேர்வது ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே சில முறை நடக்கக்கூடியது. ஆகவே கோள்நிலை மட்டும் காலத்தை முடிவு செய்யாது, பிற சான்றும் வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது எல்லாரும் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போனார். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ, பெயர்ச்சி 2026-ல்தான் என்று அறிவித்தது. ரயில் டிக்கெட் எடுத்துவிட்ட குடும்பங்கள் தவித்தன. இந்தச் சண்டை புதிதல்ல. சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்ணால் கண்டதோடு ஒத்துப்போகும் திருக்கணிதத்துக்காக வாதாடினார். இங்கே வங்காளத்தில் மாதவ சந்திர சட்டோபாத்யாய் அதே காரணத்துக்காக 1890-ல் விசுத்த சித்தாந்தப் பஞ்சிகையைத் தொடங்கினார். துர்கா பூஜை நேரத்தில் பஞ்சிகைக்குப் பஞ்சிகை நேரம் மாறுவதை நாம் பார்க்கிறோம் அல்லவா? 1952-ல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் மேகநாத சாஹா, தம் கடைசி ஆண்டுகளில் நம் ஜாதவ்பூரிலுள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில்தான் ஆய்வுக்கூடங்களின் இயக்குநராக இருந்தார். அக்குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது.

எது சரி என்று யாரையும் கேட்க வேண்டாம், மாடியில் பார்த்துவிடலாம். ராசிக்கு வானத்தில் எல்லைக்கல் கிடையாது. ஆனால் சந்திரன் மாதம் ஒருமுறை சனியைக் கடந்து போகும். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் சனியின் இடத்தில் ஏழெட்டுப் பாகை வித்தியாசம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை, ஆகவே இது கண்ணுக்குத் தப்பும் அளவல்ல. சந்திரனுக்கு அது பாதி நாளுக்கு மேற்பட்ட நடை. முதல் நாள் விடியலில் சனிக்கு மேற்கே நிற்கும் நிலா மறுநாள் கிழக்கே போய்விடும். எந்த நேரத்தில் தாண்டியது என்று குறித்துக்கொண்டு இரண்டு பஞ்சாங்கத்தையும் விரித்துப் பாருங்கள். திருக்கணிதம்தான் பொருந்தும். வாக்கியம் கோயில் வழக்கத்துக்கு உரியது. திருநள்ளாறு போகிறவர்கள் கோயில் சொல்லும் நாளிலேயே போகட்டும், அங்கே அன்றுதான் விழா. டிக்கெட்டை மட்டும் கோயில் அறிவிப்பு வந்த பிறகு எடுங்கள்.