டயாலிசிஸ் வேளையில் ‘கடல் புறா’

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்குப் பொழுது நகர்வதில்லை. ஊசி ஏற்றிய கையை அசைக்கலாகாது. தடித்த நூலை மறுகையால் தாங்குவதும் கடினம். உடனிருப்பவர் மெல்லிய குரலில் படித்துக் காட்டலாமே!

சாண்டில்யனின் ‘கடல் புறா’ அதற்கு ஏற்றது. கருணாகரத் தொண்டைமானுக்கும் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவிக்கும் இடையிலான காதல், கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் அரும்புகிறது. வருணனைகள் நீளந்தான், அலுத்தால் தாண்டிவிடுங்கள், சாண்டில்யன் கோபித்துக்கொள்ள மாட்டார். கப்பல்களின் சங்கொலி கேட்டே வளர்ந்த இராயபுரத்துச் செவிகளுக்கு மரக்கலப் போர்கள் அந்நியமாகா. ‘குமுதம்’ இதழில் வாரந்தோறும் வந்த தொடராதலின், ஆவலைத் தூண்டும் இடங்களுக்குக் குறைவில்லை. அத்தகைய ஓரிடத்தில் நூலை மூடிவிடுங்கள். அடுத்த முறை வரச் சலித்துக்கொள்பவரும், காஞ்சனாதேவி என்ன ஆனாள் என்று அறியவேனும் புறப்படக்கூடும்.