திறந்த மூலப் பூட்டுகள்: ஓட்டை விழுந்தால் நமக்கு என்ன வழி?

2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஓர் அறிவிப்பு, உலகெங்கும் சர்வர்களைப் பராமரிப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் ஓட்டை! கைப்பேசிக்கும் இணையதளத்துக்கும் நடுவே போகிற தகவலை மூன்றாம் ஆள் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்வது அதன் வேலை. பாதுகாப்பான இணைப்பு தந்த தளங்களில் ஏறத்தாழ 17 சதவீதம் அன்று அந்த ஓட்டையோடுதான் ஓடிக்கொண்டிருந்தன.

ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயர். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கணினி ஒரு சிறு சொல்லை அனுப்பி, 'இதன் நீளம் இவ்வளவு, அப்படியே திருப்பி அனுப்பு' என்று சர்வரைக் கேட்கும். நாலெழுத்தை அனுப்பிவிட்டு நீளம் 64,000 என்று பொய் சொன்னால்? சர்வர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த நாலெழுத்தோடு, நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அதில் யாருடைய கடவுச்சொல்லும் இருக்கலாம். தளத்தின் ரகசியச் சாவியேகூட இருக்கலாம். கனடா வருவாய்த் துறையின் தளத்திலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இப்படித்தான் களவு போயின.

பிழையான அந்த வரிகள் சேர்ந்தது 2011 டிசம்பர் 31-ல். திறந்த மூல மென்பொருள் என்பதால், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி நிரல் திறந்தே கிடந்தது. ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. காரணம் எளிது: கோடிக்கணக்கில் வணிகம் செய்த நிறுவனங்கள் அதை இலவசமாக எடுத்துக்கொண்டன, பராமரிப்புக்குப் பணம் தரவில்லை. ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு அப்போது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்தது. முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே.

அடி பட்ட பிறகு நிலைமை மாறியது. பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டும் திட்டத்தை லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழு லிப்ரெஎஸ்எஸ்எல் என்றும், கூகுள் போரிங்எஸ்எஸ்எல் என்றும் அதே நிரலிலிருந்து தனிக்கிளைகளை உருவாக்கின.

ஆபத்து அதோடு ஒழியவில்லை. 2024-ல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சில ஆண்டுகள் உழைத்துச் சம்பாதித்த ஒருவரின் கைவரிசை அது. சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால் பிடிபட்டது.

உரிமைகள்

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் தகவலை வைத்திருக்கும் நிறுவனம் அதற்குத் தக்க பாதுகாப்பு செய்ய வேண்டும். கசிவு ஏற்பட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் ரூ.250 கோடி வரை அபராதம். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல், வேறோர் இடத்துக் கோளாறால் பணம் போனால், தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னவருக்கு இழப்பில் பங்கு இல்லை. 2017-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் வந்த விதி இது.

செய்ய வேண்டியவை

பணம் போனால் முதலில் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் போன் செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தளத்தில் ஓட்டை என்று செய்தி வந்ததும் கடவுச்சொல்லை மாற்ற அவசரப்பட வேண்டாம். அடைக்கும் முன் மாற்றினால் புதியதும் அதே ஓட்டை வழியாகப் போய்விடும். சரிசெய்துவிட்டதாகத் தளம் அறிவித்த பிறகு மாற்றுங்கள். அதே கடவுச்சொல் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கும் மாற்றுங்கள்.

கைப்பேசி கேட்கும் பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அப்டேட் வருவதே நின்றுபோன பழைய போனில் வங்கிச் செயலி வேண்டாம்.

கடைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மென்பொருள் வாங்குபவர்கள், அதற்குள் எந்தெந்தத் திறந்த மூல மென்பொருள்கள், எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற பட்டியலை எழுத்தில் கேட்கலாம். இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் 2024-ல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பட்டியலில் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 இருந்தால், 2023 செப்டம்பரோடு அதற்கான இலவசப் பராமரிப்பு முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு எப்போது மாற்றுவீர்கள் என்று தேதி கேட்டு வாங்குங்கள்.