ஓ.டி.: எந்த அளவுக்கு மேல மிகை?

காலையில ஆறு மணிக்கு ஒரகடம் கூட்ரோட்டுல நின்னு பாருங்க. ஒரு கம்பெனி பஸ் நைட் ஷிஃப்ட்ட இறக்கி விடும், இன்னொண்ணு ஏ ஷிஃப்ட்ட ஏத்திக்கும். அந்தக் கூட்டத்துல அடிக்கடி காதுல விழுறது, "நேத்து ஓ.டி. பாத்தியா?" சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாலும் பதில் "ஓ.டி.யோட சேத்து"ன்னுதான் ஆரம்பிக்கும்.

அந்த ஓ.டி.க்கு எழுத்துத் தமிழ்ல பேரு மிகை நேரப் பணி. இன்னிக்கு அந்த 'மிகை'யத்தான் பாக்கப் போறோம்.

மிகு, மிகுதி, மிகை, மிச்சம், மிஞ்சு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. குணம்தான் வேற வேற. மிகுதின்னா நிறைய, அதுல குத்தம் ஒண்ணும் இல்ல. மிச்சம்னா செலவு போக நிக்கிறது. மிகைங்கிறது அளவத் தாண்டினது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள்ல 'மிகைபடக் கூறல்' ஒண்ணுன்னு நன்னூல் சொல்லுது. எது அளவுன்னு முதல்ல தெரிஞ்சாதான் எது மிகைன்னு சொல்ல முடியும்.

'உபரி'யும் அப்படித்தான். வடமொழியில அதுக்கு 'மேலே'ன்னு பொருள். இங்கிலீஷ்ல இருக்கிற 'ஓவர்' கூட அதே மூலத்துல பொறந்ததுதான். நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினா உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். கலங்கல்ல தண்ணி வழிஞ்சா ஏரி ரொம்பிடுச்சுன்னு ஊருக்கே தெரியும். பாதி ஏரியப் பாத்து யாரும் உபரி நீர்னு பேச மாட்டாங்க.

சரி, உழைக்கிற நேரத்துக்குக் கலங்கல் எங்க இருக்கு? 2025 நவம்பர் வரைக்கும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 59ஆம் பிரிவுல இருந்துச்சு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதுக்கு மேல பாக்குற வேலைக்கு வழக்கமான கூலியில ரெண்டு மடங்கு. அதுக்குப் பதிலா 2020-ல நாடாளுமன்றம் நிறைவேத்தின தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துலயும் அந்த ரெண்டு மடங்கு இருக்கு.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழ்நாடு சட்டப்பேரவையில 1948 சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறுச்சு. '12 மணி நேர வேலை'ன்னுதான் எல்லாரும் பேசினாங்க. ஆனா அரசு விலக்கு கொடுக்கலாம்னு சொன்ன பிரிவுகள்ல இந்த 59-உம் இருந்துச்சு. கலங்கலையே மேல தூக்கிக் கட்டிட்டா, எவ்வளவு தண்ணி வந்தாலும் உபரின்னு பேரு வராது இல்லையா? தொழிற்சங்கங்கள் எதிர்த்தாங்க, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செஞ்சாங்க. மே தினத்தன்னிக்கு முதல்வர் ஸ்டாலின் அத திரும்பப் பெறுறதா அறிவிச்சார்.

இப்ப பணத்துக்கு வருவோம். தொழிலாளிங்க வாயில 'சிங்கிள் ஓ.டி.', 'டபுள் ஓ.டி.'ன்னு ரெண்டு வார்த்தை இருக்கு. கணக்குக்கு மாசம் 15,600 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 26 நாள், நாளுக்கு 8 மணி, மொத்தம் 208 மணி. ஒரு மணிக்கு 75 ரூபாய். டபுள்னா 150. சட்டத்துல 'சிங்கிள்'னு ஒண்ணு கிடையவே கிடையாது. எனக்கு ரொம்ப வலிக்கிறது இதுதான்: சிங்கிள்னு ஒரு வார்த்தை புழக்கத்துக்கு வந்ததுமே, பாதிக் கூலி போறது சாதாரணமாத் தெரிய ஆரம்பிச்சிடுது.

இன்னொண்ணு. 1948 சட்டத்துல வழக்கமான கூலின்னா பேசிக் மட்டும் இல்ல, அலவன்ஸும் சேந்துச்சு. போனஸும் ஓ.டி. பணமும்தான் சேரல. இப்ப உங்க பே சிலிப்ப எடுங்க. ஓ.டி. தொகைய ஓ.டி. மணியால வகுத்துப் பாருங்க. நம்ம கணக்குப்படி வர வேண்டியது 150. 75-ன்னு வந்தா, ஒவ்வொரு மணிக்கும் 75 ரூபாய் உங்களுக்கு வரவேண்டியிருக்கு.