சித்தப்பாவும் சமையல் மேடையும்

சமையல் மேடைக்கு ஒரு கல். அவ்வளவுதான் சமாசாரம். அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பல்லாவரத்தில், இருபது வருஷக் கடனில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். அஸ்திவாரம் தோண்டும்போது "பாறை வந்துடுச்சு சார், உடைக்கணும்" என்று சொல்லி, பில்டர் எல்லோரிடமும் கூடுதலாக ஒரு தொகை கறந்துவிட்டார். அந்தப் பாறையை நான் திட்டாத நாளில்லை. மேடைக் கல்லையாவது நாமே பார்த்து வாங்குவோம் என்றாள் மனைவி. கறுப்பாக இருக்க வேண்டும், பளபளக்க வேண்டும், மஞ்சள் கறை பிடிக்கக் கூடாது. மூன்றே கண்டிஷன்.

நான் செய்த ஒரே தப்பு, துணைக்குச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது.

சித்தப்பா ரிடையர்டு ஜியாலஜிஸ்ட். முப்பத்து நாலு வருஷம் சுத்தியலும் கையுமாக மலை மலையாக அலைந்தவர். எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'கல்லுளிமங்கன்' என்று பெயர். (அத்தைகள் வைத்தது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கூப்பிட்டால், வாசற்படிக் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?)

கடைப் பையன் ஒரு கறுப்புப் பலகையைத் தட்டினான். "பிளாக் கிரானைட் சார். உங்க பேரன் காலத்துக்கும் வரும்."

சித்தப்பா லென்ஸை எடுத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"தம்பி, இது கிரானைட் இல்லேப்பா."

"ஒரிஜினல் சார்!"

"ஒரிஜினல்தான். உறுதியான கல்லுதான். ஆனா கிரானைட் இல்லே. டாலரைட்."

"டாலர் ரேட்டெல்லாம் இல்லீங்க சார், நம்ம ரூபாய்தான். சதுர அடிக் கணக்கு."

சித்தப்பா சிரிக்கவில்லை. கல் விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

விஷயம் என்னவென்றால், வியாபாரத்தில் கெட்டியாக இருந்து பாலிஷ் ஏறுகிற கல் எல்லாமே கிரானைட்தான். நிலவியல்காரர்களுக்கு அப்படியில்லை. அவர்களுடைய கிரானைட்டில் கண்ணாடித் துண்டு மாதிரி குவார்ட்ஸ் தாராளமாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஃபெல்ஸ்பார் இருக்க வேண்டும். நடுநடுவே எள் தூவியது போல் பயோடைட் அல்லது ஹார்ன்பிளெண்ட். எடையில் சுமார் எழுபது சதவிகிதமோ அதற்கு மேலோ சிலிக்கா. கறுப்பு டாலரைட்டில் சிலிக்கா ஐம்பது சதவிகிதத்தை ஒட்டித்தான். அது கிரானைட்டுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவே.

"அப்ப நிஜ கிரானைட் எப்படித்தான் உண்டாகுது?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டேன். சித்தப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பையன் டீ சொல்லி அனுப்பினான். போச்சு!

* * *

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு. கண்டங்களின் மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடுகிறது. இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உருகத் தயாராகிவிடும். ஆனால் முழுசாக உருகாது.

"உங்க வீட்ல வெண்ணெய் காய்ச்சினா என்ன ஆகும்? நெய் தெளிஞ்சு மேல வரும். கசடு அடியில தங்கும். அதே கதைதான். சீக்கிரம் உருகுற சரக்கு பிரிஞ்சு வரும். சுத்தி இருக்கிற பாறையைவிட லேசு, அதனால விரிசல் வழியா மேல ஏறும். அதுதான் கிரானைட் மாக்மா."

இதில் வில்லனோ ஹீரோவோ, தண்ணீர்தான். 1958-ல் டட்டில், போவன் என்ற இரண்டு விஞ்ஞானிகளின் சோதனைகள் வெளியாயின. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் சரக்கை நீராவி அழுத்தத்தில் வைத்தபோது எழுநூறு டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகியது. தண்ணீரே இல்லாமல் அதே சரக்கை உருக்க 950 டிகிரிக்கு மேல் வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தால் காரியம் சுலபம்.

மேலே ஏறிய மாக்மா எல்லாமே எரிமலையாக வெடிப்பதில்லை. பெரும்பகுதி சில கிலோமீட்டர் ஆழத்திலேயே நின்று, ஆயிரக்கணக்கான வருஷம், சில சமயம் லட்சக்கணக்கான வருஷம் எடுத்துக்கொண்டு ஆறுகிறது. சர்க்கரைப் பாகை அப்படியே ஆற விட்டால் கல்கண்டு. கிளறிக்கொண்டே அவசரமாக ஆற்றினால் பொடி. கிரானைட் என்பது பூமி நிதானமாகக் காய்ச்சிய கல்கண்டு. அதனால்தான் அதன் மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன.

"இதை யார் சார் உள்ள போய்ப் பார்த்தாங்க?" என்றான் பையன். நியாயமான கேள்வி!

யாரும் பார்க்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வெர்னரும் அவர் சீடர்களும், ஆதிக் கடலில் உப்பு படிவது போல் படிந்ததுதான் கிரானைட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1785-ல் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்தில் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்குக்குப் போனார். ஆற்றங்கரைப் பாறைக்குள் சிவப்புக் கிரானைட் நரம்பு நரம்பாகப் புகுந்து கிடந்தது. உருகிய நிலையில் இருந்தால்தானே அப்படிப் புக முடியும்? மனுஷன் குதித்த குதியைப் பார்த்து, கூட வந்த வழிகாட்டிகள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

* * *

"சரி, உருகித்தான் வந்ததுன்னு தெரிஞ்சு போச்சு. எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு, யார் பெத்த பிள்ளை... இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கறது? கல்லைத்தான் கேக்கணும்" என்றார் சித்தப்பா.

கல்லைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கிறார்கள். அந்தக் கனத்தில் கல்லுக்குள் வெளிச்சம் பாயும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கோலம் போட்ட மாதிரி வண்ணம். அடுத்தது எலெக்ட்ரான் புரோப். பிரான்ஸின் காஸ்டைங் 1951-ல் தன் டாக்டர் பட்ட ஆய்வுக்காக வடிவமைத்துக் காட்டிய கருவி. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறுக்கிய எலெக்ட்ரான் கற்றையை ஒரு மணியின் மேல் அடித்தால், அங்கிருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்-கதிரை வெளிவிடும். இரும்பு இவ்வளவு, அலுமினியம் இவ்வளவு என்று கணக்கு வந்துவிடும்.

அந்தக் கணக்கில்தான் ஜாதகமே இருக்கிறது!

பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். மாக்மா சூடாக இருக்கும்போது விளைந்த நடுப்பகுதியில் கால்சியம் ஜாஸ்தி. ஆற ஆற, வெளிவட்டங்களில் சோடியம் ஜாஸ்தி. மரத்தின் வளையம் மாதிரி. நடுவே திடீரென்று மறுபடி ஒரு கால்சியம் வளையம் வந்தால், புதிதாகச் சூடான மாக்மா உள்ளே நுழைந்திருக்கலாம் என்று அர்த்தம்.

ஹார்ன்பிளெண்டில் அலுமினியம். ஆழம் கூடக் கூட, அதாவது அழுத்தம் கூடக் கூட, அலுமினியமும் கூடும். 1986-ல் ஹாமர்ஸ்ட்ராம், ஜென் இருவரும் இதை ஓர் அளவுகோலாகவே ஆக்கினார்கள். கூட இருக்க வேண்டிய மற்ற மணிகளும் சரியாக இருந்தால், இந்தக் கிரானைட் எத்தனை கிலோமீட்டர் ஆழத்தில் உறைந்தது என்று மேஜையில் உட்கார்ந்தபடியே மதிப்பிடலாம்.

குலம் கோத்திரமும் உண்டு. 1974-ல் ஆஸ்திரேலியாவில் சாப்பல், ஒயிட் என்ற இருவர், தென்கிழக்குப் பகுதிக் கிரானைட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகை, பழைய எரிமலைக் குடும்பப் பாறைகள் உருகிப் பிறந்தது. அதில் ஹார்ன்பிளெண்ட் தென்படும். இன்னொரு வகை, களிமண் படிவுகள் உருகிப் பிறந்தது. அதில் அலுமினியம் மிச்சம் இருப்பதால் கார்டியரைட், கார்னெட் மாதிரிக் கனிமங்கள் வரும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. அப்பா மட்டும் வேறு வேறு!

"ஏங்க, மணி ஒண்ணரை" என்றாள் மனைவி, போனில்.

* * *

திரும்பி வரும் வழியில் பல்லாவரம் மலை தெரிந்தது. சித்தப்பா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

"அந்தக் கல் தெரியுதாடா? உலகத்துல எங்கே இந்த ஜாதிக் கல் கிடைச்சாலும் பேர் வந்தது இங்கேருந்துதான்."

கதை இது. 1690-ல் கல்கத்தாவில் வந்து இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக். சில வருஷத்திலேயே இறந்துபோனார். புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவருக்குச் சமாதி. அதன் மேல் ஒரு கல். 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்தார். இது வங்காளத்துக் கல்லே இல்லை, மெட்ராஸில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டுகொண்டார். செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். சார்னோக்கைட்! சார்னோக் கல்கத்தாவின் நிறுவனர் இல்லை என்று 2003-ல் கல்கத்தா உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது. கல்லின் பெயரை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை.

இதில் என்ன விசேஷம்? மொத்தச் சரக்கைப் பார்த்தால் கிட்டத்தட்ட கிரானைட். அதே குவார்ட்ஸ், அதே ஃபெல்ஸ்பார். ஆனால் எள் தூவிய இடத்தில் பயோடைட்டுக்குப் பதில் ஹைப்பர்ஸ்தீன். பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும் தங்கள் உடம்புக்குள்ளேயே தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கும் கனிமங்கள். ஹைப்பர்ஸ்தீனில் அது கிடையாது. அதாவது, பிறந்த இடத்தில் சூடு அதிகம், தண்ணீர் பஞ்சம்! (மெட்ராஸ்காரனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.)

"ஒரே மாவுதாண்டா. ஆவியில வெச்சா இட்லி. கல்லுல ஊத்தினா தோசை. மாவை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. மணியைப் பார்க்கணும்."

ஆனால் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. ஹாலந்து இதை மாக்மாவில் பிறந்த கல் என்றார். 1960-ல் சி.எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தில் கப்பாளதுர்கா என்ற இடத்தில், முழுசாக உருகாமலே பழைய பாறை திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையைக் காட்டினார். ஆக, இரண்டு வழியிலும் பிறக்கலாம். ஒவ்வோர் ஊர்க் கல்லையும் தனித்தனியாக, மணி மணியாக விசாரித்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

சித்தப்பா முப்பது வருஷமாக ஒழிந்த நேரத்தில் அந்த விசாரணையைத்தான் செய்துகொண்டிருந்தாராம். வீட்டில் மரப்பெட்டி நிறையக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய கல் சீவல்கள். நானூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றிலும் எந்த இடம், எந்தத் தேதி என்று பொடி எழுத்து.

"க்ளாக்கோமாடா. மைக்ரோஸ்கோப்ல ஓரம் எல்லாம் மங்கிப் போச்சு. சித்தி பெட்டியைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடணும்கறா. இங்க குவாரி போட்ட இடமெல்லாம் இப்ப குட்டையா கிடக்கு. நான் சுத்தியலால தட்டின பாறை பாதி, ஜல்லியாப் போயாச்சு. அந்தச் சீவல்தான் மிச்சம். கல்லை உடைச்சு வித்தவன் பங்களா கட்டிட்டான். கல்லைப் படிச்சவன் வாடகை வீட்ல இருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார். கல் விஷயத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, அஸ்திவாரத்தில் வந்த பாறையைப் பற்றிச் சொன்னேன். செல்போனில் அப்போது எடுத்த படம் இருந்தது. நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். கண்ணுக்கு மிக அருகில் வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"அதேதான். இருநூத்தம்பது கோடி வருஷத்துக் கல்லு. அதுமேலதான் குடியிருக்கப் போறே."

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி தட்டில் சாதத்தைப் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில், "பரண்ல பெரிய சூட்கேஸ் வைக்கிற இடத்தை விட்டுடலாம். மாமாவை அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்க. காலேஜ் பசங்க யாராவது படிக்கிறேன்னு வராமலா போயிடுவாங்க?" என்றாள்.

பெட்டி வந்துவிட்டது. மேடைக்கு அந்தக் கறுப்பு டாலரைட்டையே போட்டுக்கொண்டோம். மஞ்சள் கறை பிடிக்கவில்லை.

பாறையை நான் இப்போது திட்டுவதில்லை. பில்டரை மட்டும்தான்.